பூட்டாமல் விட்ட மூடி

அக்கா,

இன்று காலை அலுவலகத்தில் முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்துத் தமிழில் கத்திவிட்டேன்.

எங்கள் கட்டடத்தின் வரவேற்பறைச் சுவரில் விளக்குச் சரங்கள் பதிக்கிறார்கள். காப்பிக் கோப்பையோடு அந்த வழியாகப் போனேன். வேலை செய்பவர் தரையில் மண்டியிட்டு வயர் முனைகளைச் சீவிக்கொண்டிருந்தார். அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி. ஓட்டை ஓட்டையாகத் தகடு போட்ட, செங்கல் அளவுள்ள சாம்பல் நிற மின்பெட்டி. ஓரத்தில் வரிசையாக இருக்கும் திருகாணிகளின் மேல் மூடி இல்லை. "மூடுங்க! ஐயோ, அதை மொதல்ல மூடுங்க!" என்று கத்தினேன். காப்பி என் கையிலேயே கொட்டியது. அந்த மனிதர் பயந்து எழுந்து நின்றார். பிறகு, குழந்தைக்குக் காட்டுவதைப் போல, சுவரிலிருந்து கழற்றி வைத்திருந்த பிளக்கைத் தூக்கிக் காட்டினார். பெட்டிக்கு மின்சாரமே போகவில்லை.

மன்னிப்புக் கேட்டுவிட்டு மேலே வந்தேன். வேலைக்காகத் திறந்த வெள்ளைப் பக்கத்தில் 'அக்கா' என்று தட்டியிருந்தேன். ஒரு வருடமாக எழுத நினைத்து எழுதாமல் விட்டது இது. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடைக்கு நான் முதலில் வந்தது புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க. பாரிசுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. தமிழ்க் கடைகள் ரூ காய் தெருவில் இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். "ஜாக்கெட் தைப்பீங்களாக்கா?" என்று கேட்டேன். நீங்கள் என் தோளிலிருந்து கால்வரை பார்த்தீர்கள்.

"குளிருக்குப் போடுறதோ? அதெல்லாம் இஞ்சை தைக்கிறேல்லைப் பிள்ளை. கார் து நோர் ஸ்டேசன் பக்கம் போய்ப் பாரும்."

"இல்லக்கா, புடவைக்கு."

"அட, பிளவுஸோ! இந்தியாவோ நீர்?"

அளவு ஜாக்கெட்டை எடுக்க என் பையை மேசைமேல் கவிழ்த்தேன். அன்று காலை தபாலில் வந்திருந்த விளக்குச் சரமும் கூடவே விழுந்தது. பச்சைப் பட்டாணி அளவில் ஐம்பது பல்புகள், மூன்று வயர்களில் கோத்தது. நீங்கள் ஜாக்கெட்டை விட்டுவிட்டு அதைத்தான் எடுத்தீர்கள்.

"உது என்ன, அலங்கார லைட்டோ?"

"அலங்கார லைட்தான்கா. ஆனா ஒவ்வொரு பல்பும் தனித்தனியா பேச்சு கேக்கும். பதினேழாவது பல்பு மட்டும் சிவப்பா எரியணும்னா, அது மட்டும் எரியும்."

"ஆர் சொல்லுறது அதுக்கு?"

சீட்டுக்கட்டு அளவுள்ள கணினிப் பலகையைக் காட்டினேன். அதுதான் சொல்லும், நான் எழுதிக் கொடுக்கிறபடி சொல்லும் என்றேன். நீங்கள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானோ கொம்ப்யூட்டர்? மிச்சம் எங்கை?" என்று கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த ஊருக்கு வந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

எதிர்க் கடைக்காரர் புதிதாக எழுத்து ஓடும் பலகை மாட்டியிருந்தார். அது உங்களுக்கு ஆகவே ஆகாது. "கடைக்குள்ளை நிண்டு சீலையின்ரை நிறம் பாக்க ஏலாமல் கிடக்கு. ஒரு நிமிசம் எல்லாம் சிவப்பு, மற்ற நிமிசம் எல்லாம் நீலம்," என்று சொல்லிக்கொண்டே கடையின் முன்கண்ணாடிக்கு, உங்கள் பேச்சில் வித்ரினுக்கு, என்னைக் கூட்டிப் போனீர்கள். அங்கே சந்தன நிறத்தில் ஒரு பட்டுச் சேலை மேலிருந்து கீழே விரித்துத் தொங்கவிட்டிருந்தது. "இதுக்குப் பின்னாலை உந்தக் குட்டி லைட்டுகளை விட்டா எப்பிடி இருக்கும்? ஆறுதலாய் நிறம் மாறவேணும். ஆருக்கும் கண் நோகக்கூடாது."

எனக்கு முப்பத்திரண்டு வயது, உங்களுக்கு ஐம்பத்தொன்று. இந்தச் சரங்களைப் பற்றி எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். அலுவலகத்தில் நான் எழுதும் நிரல்கள் எதுவும் வெளிச்சம் தருவதில்லை, திரைக்குள்ளேயே செத்துப்போகும். அதனால்தான் வாங்கினேன். அடுத்த ஞாயிறு உங்கள் துணி வெட்டும் மேசையில் நாம் இருவரும் உட்கார்ந்தோம். அதற்குப் பிறகு ஏறக்குறைய எல்லா ஞாயிறும்.

முதல் நாள் முதல் பல்பைச் சிவப்பாக எரியச் சொன்னேன். பச்சையாக எரிந்தது. மறுபடி சொன்னேன், மறுபடி பச்சை. நான் நிரலைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் கடைவாயிலில் நின்ற வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு வந்து, "சிவப்புக் கேட்டுட்டுப் பச்சையோடை போற சனத்தை இருபது வருசமாய்ப் பாக்கிறன். எங்கடை கடைக்கு ஏத்த லைட்டுத்தான் உது," என்றீர்கள். பிறகுதான் கண்டுபிடித்தேன், அந்த வகைச் சரம் பச்சையை முதலிலும் சிவப்பை இரண்டாவதாகவும் எடுத்துக்கொள்ளும் என்று. இரண்டு எழுத்துகளை இடம் மாற்றினேன். சிவப்பு வந்தது. நீங்கள் கை தட்டினீர்கள்.

பலகையிலிருந்து போகும் செய்தி எப்படிக் கடைசிப் பல்புவரை போகிறது என்று கேட்டீர்கள். முதல் பல்பு தனக்கான நிறத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததுக்குத் தள்ளிவிடும், அது தன் பங்கை எடுத்துக்கொண்டு அடுத்ததுக்கு என்று சொன்னேன். "கலியாணப் பந்தியிலை வாழையிலைக் கட்டை ஆளுக்காள் மாத்திற மாதிரி," என்றீர்கள். நான் அலுவலகத்தில் இன்றைக்கும் புதியவர்களுக்கு அப்படித்தான் விளக்குகிறேன். பிரெஞ்சில் வாழையிலையை விளக்குவதுதான் கஷ்டம்.

மூன்றாவது சரத்தில் நடுவில் ஒரு பல்பு செத்துப்போய், அதற்குப் பிறகான எல்லாமே இருண்டு கிடந்தன. புதுச் சரம் வாங்க வேண்டும் என்றேன். நீங்கள் மேசையிலிருந்த துணிக் கத்தரியை எடுத்து, நான் தடுப்பதற்குள் அந்தப் பல்பை இரண்டு பக்கமும் நறுக்கிவிட்டீர்கள். "அக்கா!" என்று கத்தினேன். "செத்ததை எடுத்துப்போட்டு நுனிகளை முடிஞ்சால் சரிதானே? மூண்டு வயர்தானே கிடக்கு." முடிந்தோம். எரிந்தது.

ஆறு சரங்கள், ஒன்று குறைய முந்நூறு பல்புகள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்து வெள்ளை எரியச் சொன்னபோது, கடைசிச் சரம் வாடிப்போய் மஞ்சளாக எரிந்தது. அவ்வளவு தூரம் போவதற்குள் மின்சாரம் இளைத்துவிடுகிறது, மறுமுனையிலிருந்தும் ஊட்ட வேண்டும். அதற்காகத் தடித்த வயர்கள் வாங்கி வந்தேன். வினை அங்கேதான் தொடங்கியது.

அந்த மின்பெட்டியைப் பற்றி உங்களுக்கு நான் சொன்னது ஒரு சொல் மாறாமல் நினைவிருக்கிறது. திருகாணி வரிசையைக் காட்டி, "இந்தப் பக்கம் அஞ்சு வோல்ட்டுக்கா, நாக்கால தொட்டாக்கூட ஒண்ணும் ஆகாது. அந்தப் பக்கம் சுவத்துலேர்ந்து வர்ற கரண்ட். விரல் பட்டா ஆளே இல்ல." இரண்டுக்கும் நடுவில் ஒரு சுண்டுவிரல் இடைவெளி. இரண்டையும் சேர்த்து மூடத்தான் ஒரே ஒரு பிளாஸ்டிக் மூடி. அந்த ஞாயிற்றுக்கிழமை தடித்த வயர்களைத் திருகியதும் மூடி உட்காரவில்லை. அழுத்திப் பார்த்தேன், எழும்பி எழும்பி வந்தது. எரியவிட்டுப் பார்த்தேன், பிளக்கைப் பிடுங்கினேன், மூடியை மேசைமேல் வைத்தேன். மணி ஐந்தாகியிருந்தது. கூட வேலை செய்யும் ஒருத்தி வீட்டு விருந்துக்கு ஆறு மணிக்குப் போக வேண்டும்.

"நாளைக்குச் சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து மூடிடறேன்கா."

"ஓம், ஓம், நீர் வெளிக்கிடும். உமக்கு நேரம் போட்டுது."

இதற்கு நடுவில் 'அதுவரைக்கும் பிளக் போடாதீங்க' என்று சொன்னேனா? அக்கா, அந்த ஒரு வாக்கியத்தைத் தேடித் தேடி நான் பைத்தியமாகியிருக்கிறேன். சில நாள் சொன்னதாக நினைவு வரும். கதவுப் பிடியில் கை வைத்துத் திரும்பிச் சொன்னேன், நீங்கள் தலையாட்டினீர்கள் என்று படமாகவே தெரியும். அடுத்த நாள் அதே படத்தில் என் வாய் அசையாது.

திங்கள் காலை பத்தரை மணிக்கு என் கைப்பேசியில் உங்கள் மகள் ஆரணி. அவள் என்னோடு தமிழில் பேசியதே இல்லை, நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும். அன்று தமிழில் பேசினாள்.

"அக்கா, அம்மா விழுந்திட்டா. கடையிலை. லைட்டுக்குப் பக்கத்திலை. பொம்பியே வந்து நெஞ்சை அமத்தினவை. அம்மா எழும்பேல்லை. அக்கா, அம்மா எழும்பேல்லை."

நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? உங்களுக்கு இதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமே இல்லை.

"லைட் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சா?"

"ஓம். எரிஞ்சுகொண்டு இருந்தது," என்றாள்.

அலுவலகத்திலிருந்து எப்படி ரயிலுக்கு வந்தேன் என்று தெரியாது. தென்புறநகரிலிருந்து கார் து நோர்வரை நாற்பது நிமிடம். ரயிலில் ஒருத்தி பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். ஒரு பெரியவர் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் என் ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் திருகாணிகளை முடுக்கிய விரல். அழுகை வரவில்லை. அழுவதற்கு நீங்கள் செத்திருக்க வேண்டும், அது என் தலைக்குள் இன்னும் போகவில்லை. 'கொன்றுவிட்டேன்' என்பது மட்டும் போயிருந்தது.

கடைமுன் பொம்பியே ஆட்களின் தீயணைப்பு வண்டி நின்றது. தெருவை அடைத்து ஆட்கள். மின்சாரத்தை வெட்டியிருந்தார்கள், நல்ல பகலில் உங்கள் வித்ரின் மட்டும் கறுத்துக் கிடந்தது. தெருமுனை மளிகைக் கடைக்காரர் பக்கத்தில் நின்றவரிடம், "கரண்ட் அடிச்சுப்போட்டுதாம். உந்த லைட்டுப் பூட்டேக்கையே நினைச்சன்," என்றார். என் காது வழியாக ஒரு கம்பி இறங்கிய மாதிரி இருந்தது. அவருக்கு என்னைத் தெரியும். என்னைப் பார்த்தும் தொடர்ந்து பேசினார். எனக்கும் அந்த விளக்குக்கும் தொடர்பு உண்டு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எல்லாரும் அதை உங்கள் கைவேலை என்றே நினைத்திருந்தார்கள். அவ்வளவு பெருமையோடு நீங்கள் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறீர்கள்.

உங்கள் கணவர், தான் வேலை செய்யும் உணவகத்திலிருந்து சமையல் உடுப்போடேயே ஓடி வந்திருந்தார். அவரை அத்தான் என்று கூப்பிடச் சொன்னதும் நீங்கள்தான். ஒரு போலீஸ்காரர் அவரிடம், இந்த மின்வேலையைச் செய்தது யார் என்று கேட்டார். அத்தான், "என் மனைவி," என்றார். நான் அவருக்கு இரண்டடி தள்ளி நின்றேன். வாயைத் திறந்தால் போதும். அந்த போலீஸ்காரர் குறித்துக்கொண்டு புத்தகத்தை மூடினார். அந்தப் பெட்டியை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். மூடி எங்கே என்று பார்க்க எட்டிப் பார்த்தேன், ஆட்கள் மறைத்துவிட்டார்கள். உங்களை வெளியே கொண்டுவந்தபோது நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன். விரல் நுனி கருகியிருக்கிறதா என்று பார்த்தேன். போர்த்தியிருந்தார்கள்.

திடீர்ச் சாவு என்பதால் பிரேதப் பரிசோதனை முடியும்வரை உங்களைத் தர மாட்டார்கள் என்றார்கள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் வடபுறநகர் சார்செலில் உங்கள் வீட்டுக்குப் போனேன். பதினோராவது மாடி. வீடு முழுக்க ஆட்கள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று பக்கத்து வீடுகளிலிருந்து சோறும் கறியும் வந்துகொண்டிருந்தன. நான் தட்டு கழுவினேன், பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கினேன். ஒவ்வொரு வாயிலும் அந்த லைட்டு. "உந்தக் குட்டிக் குட்டிப் பல்புகள் பொல்லாதது." "அவவுக்கு உந்த வயதிலை உது என்னத்துக்கு?" பல்பு ஐந்து வோல்ட், பல்பு ஒன்றும் செய்யாது என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் அடுத்த கேள்வி வரும், அப்படியென்றால் எது செய்யும் என்று. பேசாமல் தட்டுகளைத் துடைத்தேன். உங்கள் வீட்டிலேயே, உங்கள் மகள் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு, ஒளிந்திருந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் ஆட்கள் குறைந்திருந்தார்கள். அத்தான் என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார். கட்டில் நிறையச் சேலைகள்.

"பிள்ளை, அவவுக்கு உடுத்திவிடச் சீலை ஒண்டு கேக்கினம். கடை நிறையச் சீலை, வீட்டிலையும் இவ்வளவு கிடக்கு. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஆரணிக்கும் தெரியேல்லையாம். நீர்தான் கூடத் திரிஞ்சனீர். எதை விருப்பம் அவவுக்கு?"

நான் ஒரு சேலையைத் தொட்டேன். அத்தோடு என்னால் முடியவில்லை.

"அத்தான், அந்தப் பெட்டிய மாட்டினது நான். மூடி சரியா உக்காரல. கழட்டி வெச்சுட்டு, நாளைக்கு வரேன்னு போயிட்டேன். பிளக் போடாதீங்கன்னு சொன்னேனான்னுகூட எனக்கு ஞாபகம் இல்ல. போலீஸ் கேட்டப்போ நான் பக்கத்துலதான் நின்னேன். வாயத் தொறக்கல."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். சேலைகளின் மேலேயே உட்கார்ந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். பிறகு எழுந்து கோட்டை மாட்டினார்.

"வெளிக்கிடும். கொமிசாரியாவுக்குப் போவம்."

சார்செலிலிருந்து ரயிலில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. காவல் நிலையத்தில் அரை மணி நேரம் காத்திருந்தோம். தலைமுடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண் அதிகாரி உள்ளே கூப்பிட்டார். அத்தான் தன் பிரெஞ்சில், தான் தெரியாமல் தவறாகச் சொல்லிவிட்டதாகவும் வேலை செய்தது இந்தப் பெண்தான் என்றும் சொன்னார். நான் மூடியின் கதையைச் சொன்னேன். என்னைக் கைது செய்வார்கள் என்றே நம்பியிருந்தேன். எப்படியும் பிடிபடுவேன் என்று காலையிலேயே அலுவலகச் சாவியைப் பையிலிருந்து எடுத்து வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

அந்த அதிகாரி குறுக்கே பேசாமல் கேட்டார். கணினியில் எதையோ தேடினார். திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"எந்த மூடி?" என்று கேட்டார்.

கடையில் எடுத்த படம். அந்தப் பெட்டி. அதன்மேல் மூடி இருந்தது, அக்கா. மூடி இருந்தது. தடித்த வயர்கள் வரும் மூலையில் பிளாஸ்டிக்கைப் பிறைவடிவில் கத்தரித்திருந்தீர்கள். அந்த இடைவெளி வழியாக வயர்கள் வர, மூடி சரியாக அமர்ந்திருந்தது. சுற்றிலும் கறுப்பு நாடா, ஜாக்கெட் விளிம்பு மடிப்பதைப் போல அவ்வளவு நேராக. நான் ஒரு மாலை முழுக்க அழுத்தி அழுத்தித் தோற்றதை, நீங்கள் துணிக் கத்தரியால் முடித்திருக்கிறீர்கள். முடித்துவிட்டுத்தான் பிளக் போட்டிருக்கிறீர்கள்.

அதிகாரி தொடர்ந்து பேசினார், எனக்குப் பாதிதான் கேட்டது. பரிசோதனை செய்த மருத்துவரின் முதல் அறிக்கை அன்று காலைதான் வந்ததாம். குடும்பத்துக்கு அன்றே சொல்ல இருந்தார்களாம். மின்சாரம் பாய்ந்த அடையாளம் உடலில் எங்கும் இல்லை. மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. விளக்கு அந்த நேரம் எரிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அப்போது எனக்கு வந்தது என்ன என்று உங்களிடம்தான் சொல்ல முடியும். சந்தோஷம் வந்தது. நெஞ்சிலிருந்து ஒரு கல்லைத் தூக்கி எறிந்ததைப் போல, உடம்பெல்லாம் லேசாகி, சிரிப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன். உங்கள் மூளையில் ரத்தம் கொட்டியது என்று ஒருத்தர் சொல்ல, உங்கள் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அதற்கு அடுத்த நொடியில்தான் நீங்கள் செத்துப்போனது எனக்கு உறைத்தது. நான்கு நாளில் முதல் தடவையாக. மேசையில் தலையைக் கவிழ்த்து வைத்து அழுதேன். அந்த அதிகாரி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

வெளியே வந்ததும் அத்தான் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஏறி இறங்கினார்கள்.

"நாலு நாள் உதை மனதுக்குள்ளை வைச்சிருந்தனீர், என்ன?" என்றார்.

"ஆமா அத்தான்."

"நானும்தான்."

எனக்குப் புரியவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"திங்கக்கிழமை காலமை எழும்பேக்கை சொன்னவ, தலை பிளக்குதப்பா, இப்பிடி ஒருநாளும் வந்ததில்லை எண்டு. நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிண்டனான். ரெண்டு குளிசையைப் போட்டுட்டுப் போம் எண்டு சொல்லிப்போட்டு ட்ரெயினுக்கு ஓடிட்டன். சனமெல்லாம் கரண்ட், கரண்ட் எண்டு சொல்லேக்கை, கரண்ட்டாய்த்தான் இருக்கவேணும் எண்டு நான் கும்பிட்டுக்கொண்டு இருந்தனான் பிள்ளை. இப்ப உந்தப் பொலிஸ்காரி சொல்லிப்போட்டாள், தலையாம்."

நான் எதற்கு விடுதலையானேனோ, அதிலேயே அவர் மாட்டிக்கொண்டார். ஒரே வாக்கியம், ஒரே அறை.

அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமையின் இன்னொரு துண்டு எனக்கு நினைவுக்கு வந்தது. முந்நூறு பல்பும் முதல் தடவையாக ஒரே வெள்ளையாக எரிந்தபோது, நீங்கள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, "பிள்ளை, உந்த வெளிச்சம் கண்ணுக்குள்ளை குத்துது. குறைச்சு விடும்," என்றீர்கள். நிரலில் ஒளி அளவுக்கு ஓர் எண் இருக்கிறது. இருநூற்று ஐம்பத்தைந்தை அழித்துத் தொண்ணூறு என்று எழுதினேன். "இப்ப ஓகேவாக்கா?" "ஓம், இப்ப பறவாயில்லை." ஒரு எண்ணை மாற்றிச் சரிசெய்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை. உங்களுக்குக் கண் ஏன் கூசுகிறது என்று நான் கேட்கவே இல்லை. எதிர்க்கடைப் பலகையையே குறை சொல்பவர், இதையும் அப்படித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அதை அத்தானிடம் அந்தப் படியிலேயே சொன்னேன். மறைக்க இனி எனக்குத் தெம்பு இல்லை. அவர் கேட்டுவிட்டு, "அப்ப எங்கள் ரெண்டு பேருக்கும் சொல்லித்தான் இருக்கிறா," என்றார். மன்னித்தேன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எழும்ப அவருக்குக் கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டு எழுந்தார்.

பின்னால் உங்கள் குடும்ப மருத்துவர் ஆரணிக்கு விளக்கினார். வெடிப்பதற்குச் சில நாள் முன்பே அது கசியத் தொடங்கியிருக்கலாம், தலைவலியும் வெளிச்சம் கூசுவதும் அதனால் இருக்கலாம். முன்பே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பீர்களா என்று கேட்டதற்கு, இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றாராம். இதைவிடக் கொடிய பதில் உண்டா?

உங்களுக்கு மாம்பழ நிறச் சேலை உடுத்தினோம். வித்ரினில் இருந்த சந்தன நிறச் சேலையை அத்தான் எடுத்துக் கொடுத்தார், நான்தான் வேண்டாம் என்றேன். உங்களுக்கு அது கடைக்கான நிறம், உங்களுக்கான நிறம் இல்லை.

கடையை இப்போது ஆரணி சனி ஞாயிறும், உங்கள் தங்கை மற்ற நாட்களிலும் பார்க்கிறார்கள். பெட்டியும் பலகையும் இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தன. திரும்ப மாட்டலாமா என்று கேட்டவள் ஆரணிதான். எனக்குத் தொடவே பயம். சுவர்ப் பக்கத்து வேலையை உரிமம் பெற்ற ஒரு மின்பணியாளரை வைத்துச் செய்தோம். அவர் உங்கள் மூடியைப் பார்த்துவிட்டு, புதிய பெட்டி போடலாம், ஆனால் இதைக் கத்தரித்தவருக்குக் கைவேலை நன்றாக வருகிறது என்றார். நிரலில் நான் எதையும் மாற்றவில்லை. தொண்ணூறு தொண்ணூறாகவே இருக்கிறது. விளக்கு மறுபடி எரிந்த முதல் வாரம் முழுக்க மளிகைக் கடைக்காரர் எங்கள் பக்கம் நடக்கவே இல்லை. இப்போது வருகிறவர்களுக்கு அவரே விளக்கைக் காட்டுகிறார்.

போன சனிக்கிழமை ஆரணி கல்லாவில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தாள். என்ன என்று கேட்டேன். தலை இடிக்கிறது என்றாள், பிரெஞ்சில், ஒன்றுமில்லை என்கிற குரலில். நான் கடையைப் பூட்டினேன். உள்ளே இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், அவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பூட்டினேன். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போனேன். நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் முதலில் கோபப்பட்டாள், பிறகு கெஞ்சினாள், பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். உங்கள் குடும்பக் கதையைச் சொன்னதும் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். இளம் மருத்துவர் ஒருவர் வந்து, தலைக்குள் எல்லாம் சுத்தமாக இருக்கிறது, இவளுக்குக் கண்ணாடி போட வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

வெளியே வந்ததும் அவள் நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. தமிழில், பைத்தியத்துக்கு உங்கள் வீட்டில் சொல்லும் சொல்லால், சொன்னாள்: "உங்களுக்கு விசர் அக்கா. முழு விசர்."

"ஓம்," என்றேன்.

மதுரைக்காரி என் வாயில் உங்கள் 'ஓம்' எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியாது. அவளும் கவனித்தாள். என் கையைக் கோத்துக்கொண்டாள். நாங்கள் கடையைத் திறக்கப் போனோம்.